ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்

அன்புள்ள கயலுக்கு,

கல்லூரிச் சட்ட உதவி மையத்தில் பேர் கொடுத்துவிட்டாயாம், அடுத்த மாதத்திலிருந்து சிறைக்குப் போகும் குழுவில் நீயும் உண்டாம். அண்ணி போனில் சொன்னார். குரலில் கொஞ்சம் பயம் தெரிந்தது. அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் 20 வாரம் நேரடிப் பயிற்சி கட்டாயம். பலர் ஏதாவதொரு சீனியரின் கேஸ் கட்டைச் சுமந்து சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நீ சிறையைத் தேர்ந்தெடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. 2022 அரசுக் கணக்குப்படி நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று இன்னும் யாரும் தீர்ப்பு எழுதாதவர்கள். காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே, இலவச வக்கீல் தரச் சொல்கிறது 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம். ஆனால் கேட்டால்தானே கிடைக்கும்? கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

அங்கே உன் வாதத்திறமைக்கு வேலையில்லை. தேதி பார்க்கத் தெரிந்தால் போதும். ஒருவரிடம் உட்கார்ந்ததும் குற்ற எண், சட்டப்பிரிவு, ரிமாண்ட் ஆன நாள், அடுத்த வாய்தா, வேறு வழக்கு உண்டா என்று வரிசையாக எழுதிக்கொள். 'செய்தாயா?' என்று மட்டும் கேட்காதே. அது உன் வேலையும் இல்லை, அந்த இடத்தில் பக்கத்தில் யாருடைய காது இருக்கிறது என்றும் உனக்குத் தெரியாது.

சாதாரணத் திருட்டு வழக்கு ஒன்று, மார்ச் 1 அன்று ரிமாண்ட் என்று வைத்துக்கொள். கைதான நாளை விட்டுவிடு. ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தெளிவாக்கிவிட்டது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப் போலீசுக்கு இருக்கும் 60 நாள் ஏப்ரல் 29ஓடு முடிகிறது. அதற்குள் அது வரவில்லையென்றால் 30ஆம் தேதி காலையிலேயே மனு போட்டுவிட வேண்டும். ஜாமீன் அவருக்கு உரிமை. மத்தியானம் வரை மனு போடாமல் இருந்து, அதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்துவிட்டால் அந்த உரிமை போயிற்று. பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களுக்கு 90 நாள். விரல் விட்டு எண்ணாதே, காலண்டரை வைத்துக்கொண்டு எண்ணு.

இன்னொரு கணக்கும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவைப் படித்துவிட்டுப் போ. முன்பு எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர், அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்திருந்தால் விடுவிக்க வேண்டும்; மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது இல்லை. ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருந்தாலும் சிக்கல்தான். 'வேறு வழக்கு உண்டா' என்று கேட்கச் சொன்னது அதற்காகத்தான்.

உன்னை அதிகம் உலுக்கப் போகிறவர், ஜாமீன் கிடைத்தும் உள்ளே இருப்பவர். ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர் என்று வை. இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்கிறது உத்தரவு. ரத்த உறவு ரயிலில் இரண்டு நாள் தூரத்தில். அவர்களுக்கு டிக்கெட் எடுக்கக் காசு வேண்டும், வந்தால் தங்க இடம் வேண்டும், வீட்டு வரி ரசீது வேண்டும். காகிதத்தில் அவர் விடுதலையானவர்! 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி சொன்னது. ஜாமீன் உத்தரவு வந்து ஏழு நாளில் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் பிணை கட்ட முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். யார் எந்த நாளில் ஏழு நாளைத் தாண்டினார் என்று பட்டியல் போட்டுச் செயலாளர் கையில் கொடுக்க ஓர் ஆள் வேண்டும், கயல். உன்னைப் போன்ற மாணவர்கள் செய்யக்கூடியதில் இதைவிடப் பெரியதை நான் பார்க்கவில்லை.

'அடுத்த வாரம் வெளியே வந்துடுவீங்க' என்று வாய்தவறிக்கூடச் சொல்லாதே. வெளியில் தெரிந்த வக்கீலின் நம்பரைக் கொடுக்காதே. கடிதமோ பணமோ வாங்கிக்கொண்டு வராதே, எவ்வளவு கெஞ்சினாலும். பெண்கள் பகுதியில் குழந்தைகளும் இருப்பார்கள். சாக்லேட் எடுத்துப் போகலாமா என்று முந்தைய நாளே சிறை அலுவலகத்தில் கேட்டுவிடு. போன் வாசலோடு சரி, அதனால் ஒரு கைக்கடிகாரம் கட்டிக்கொள்.

முதல் நாள் எழுதிய குறிப்பில் பெயர்களை மட்டும் மறைத்து எனக்கு அனுப்பு. தேதிகளைச் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அத்தை