அமெரிக்காவில் வேலையோடு படிப்பா? கட்டணத்துக்கு இரண்டு வழிகள்

எச்-1பி விசாவில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிப்பவர்களுக்கு அமெரிக்க அரசின் மாணவர் நிதியுதவி கிடையாது. சோர்ந்துவிடாதீர்கள், முதலில் உங்கள் அலுவலக ஹெச்.ஆரிடம் கேளுங்கள். நிறுவனத்தில் கல்வி உதவித் திட்டம் இருந்தால், ஆண்டுக்கு 5,250 டாலர் வரை கிடைக்கும் பணத்துக்கு வருமான வரி இல்லை. பல நிறுவனங்கள் மதிப்பெண் வந்த பிறகே பணம் தரும். அதனால் பாடத்தில் சேரும் முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள், இது ரொம்ப முக்கியம்.

மிச்சக் கட்டணத்தைக் கைக்காசிலிருந்து கட்டினீர்களா? ஒரே ஒரு பாடம் எடுத்தாலும் ‘லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட்’ என்ற வரிச்சலுகை உண்டு. கட்டிய தொகையில் முதல் 10,000 டாலர் வரை 20 சதவீதம் வரியில் கழியும். வரிக் கணக்கில் ‘ரெசிடென்ட்’ ஆக இருக்க வேண்டும். வருமான உச்சவரம்பும் உண்டு. நிறுவனம் தந்த தொகையை இதில் மறுபடி காட்டக் கூடாது. ஜனவரியில் பல்கலைக்கழகம் தரும் 1098-டி என்ற கட்டண விவரப் படிவத்தைப் பத்திரப்படுத்துங்கள்.