மரத்துப்போக ஊசி... மயங்கிய இதயத்துக்கு இன்சுலின்?

"எனக்குத்தான் சர்க்கரையே இல்லையே, எதுக்கு டாக்டர் இன்சுலின்?"

இப்படிக் கேட்கும் நிலையில் அந்த நோயாளி இருக்க மாட்டார். ஏனென்றால், அந்த நிமிடத்தில் அவருடைய இதயம் தள்ளாடிக்கொண்டிருக்கும். காரணம், மரத்துப்போவதற்காகப் போட்ட ஊசி!

பயந்துவிடாதீர்கள். இது மிக அபூர்வமாக நடப்பது. ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம். திருநீர்மலையில் மலைப்படி ஏறி ரங்கநாதரைச் சேவிக்க முட்டி இடம் கொடுக்காமல், அடிவாரத்து நீர்வண்ணப் பெருமாளோடு திரும்பிவிடும் மாமிகள் எத்தனை பேர்! முட்டி ஆபரேஷன் என்று முடிவானால், முதுகில் ஒரு ஊசி, சில சமயம் காலுக்குப் போகும் நரம்பைச் சுற்றி இன்னொரு ஊசி போடுவார்கள். இவற்றில் அடிக்கடி பயன்படுவது புபிவகெயின். பல் டாக்டர் போடுகிற லிக்னோகெயினுக்கு இது உறவுக்கார மருந்துதான். ஆனால் கொஞ்சம் முரட்டு உறவு.

இரண்டுமே நரம்பில் சோடியம் உப்பு போய்வரும் வாசலை அடைக்கின்றன. வலி மூளைக்குப் போகாது. இதயத் தசையிலும் அதே வாசல்கள் உண்டு. மருந்து தவறி ரத்தக்குழாயில் போய்விட்டால் அங்கேயும் அடைப்புதான். லிக்னோகெயின் சீக்கிரம் இடத்தைக் காலி செய்துவிடும். புபிவகெயின் லேசில் நகராது. 1979-லேயே ஆல்பிரைட் என்ற அமெரிக்க மயக்கவியல் நிபுணர் இதைச் சுட்டிக்காட்டி எச்சரித்தார்.

முதுகுத் தண்டில் போடும் ஊசிக்கு 10 முதல் 15 மில்லிகிராம் போதும். அந்த அளவு ரத்தத்தில் கலந்தாலும் இந்த ஆபத்து வராது. நரம்பைச் சுற்றிப் போடும்போதுதான் 100 மில்லிகிராம் வரைகூடப் போகும். கவனம் தேவைப்படுவது அங்கேதான்.

சரி, இன்சுலின் எங்கே வந்தது? இதயம் பெரும்பாலும் கொழுப்பை எரித்துத்தான் ஓடுகிறது. கொழுப்பு, செல்லுக்குள் இருக்கும் 'அடுப்பு'க்குள் போக ஒரு வாகனம் வேண்டும். புபிவகெயின் அந்த வாகனத்தையும் நிறுத்திவிடுகிறது. காஸ் தீர்ந்த வீட்டில் என்ன செய்வோம்? கரண்ட் அடுப்பைப் போடுவோம் இல்லையா? அதுமாதிரி, இன்சுலின் சர்க்கரையை இதயத் தசைக்குள் தள்ளி மாற்று எரிபொருள் கொடுக்கிறது. 2000-ல் தென் கொரிய டாக்டர்கள் நாய்களிடம் சோதித்தபோது, புபிவகெயினால் சோர்ந்த இதயம் இன்சுலின் கொடுத்ததும் தெம்பு பெற்றது.

இந்தச் சிகிச்சையில் பேசப்படும் அளவு கிலோவுக்கு 1 யூனிட். அறுபது கிலோ ஆளுக்கு ஒரே தடவையில் 60 யூனிட்! கூடவே குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். பொட்டாசியம் இறங்கிவிடாமல் பார்க்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் மட்டுமே செய்யக்கூடியது. வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கும் இன்சுலினுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இதில் இன்றைக்கு முதல் மருந்து இன்சுலின் இல்லை. சோயா எண்ணெயில் தயாராகும், பால் போல வெளுத்த கொழுப்புத் திரவம்தான். இதன் கதை சுவாரசியமானது. கொழுப்பைக் கொடுத்தால் விஷம் இன்னும் கூடும் என்று எதிர்பார்த்துத்தான் அமெரிக்காவின் வைன்பர்க் எலிகளிடம் சோதித்தார். நடந்ததோ நேர்மாறு, எலிகள் தாக்குப்பிடித்தன! 1998-ல் அதை வெளியிட்டார். 2006-ல் நியூயார்க்கில், தோள்பட்டை ஆபரேஷனுக்கு வந்து நரம்பு ஊசிக்குப்பின் இதயம் நின்றுபோன ஒருவரை, வழக்கமான முதலுதவிகள் கைவிட்ட பிறகு, இந்தத் திரவம் மீட்டது. இருபது சதவீதத் திரவம், கிலோவுக்கு ஒன்றரை மில்லி, முதல் தவணையாக. அறுபது கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 90 மில்லி. இன்சுலின், இதுவரை பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துச் சாட்சியோடுதான் நிற்கிறது. என்னைக் கேட்டால், ஆபரேஷன் செய்யும் ஒவ்வொரு நர்சிங் ஹோமிலும் அந்தக் கொழுப்புத் திரவப் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தே ஆகவேண்டும். "டாக்டர், இங்கே இருக்கிறதா?" என்று நீங்களும் கேட்கலாம். தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஊசி போட்டதும் நாக்கும் உதடும் தடித்த மாதிரி, வாயில் இரும்பு ருசி, காதில் 'கொய்' என்ற சத்தம், காரணமில்லாத படபடப்பு, உடம்பில் வெட்டு... இதில் எது தெரிந்தாலும் 'சும்மா இருப்போம், டாக்டர் கோபிப்பார்' என்று இருக்காதீர்கள். உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள். பல் நாற்காலியிலும் இதுவே விதி. (பல் எடுக்கும் இடத்தில் மட்டும் மரத்துப்போவது இயல்பு, அதைக் கண்டு பதறவேண்டாம்.) முன்பு ஏதாவது ஊசிக்கு மயங்கியது, இதயக் கோளாறு, கல்லீரல் தொந்தரவு, கர்ப்பம், இப்போது சாப்பிடும் மாத்திரைகள், உங்கள் சரியான எடை... எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எடையைக் குறைத்துச் சொல்கிற ஆசை சிலருக்கு உண்டு. மருந்தளவே எடையை வைத்துத்தான்!

கடையில் வாங்கும் மரத்துப்போகும் களிம்பிலும் இதே மருந்துதான். அமெரிக்காவில் லேசர் முறையில் முடி நீக்குவதற்கு முன், காலெல்லாம் களிம்பு தடவி, மேலே பிளாஸ்டிக் சுற்றிக்கொண்ட இரண்டு இளம்பெண்கள் இறந்துபோக, 2007-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது. பல் முளைக்கும் குழந்தையின் ஈறில் லிக்னோகெயின் திரவத்தைத் தடவக்கூடாது என்று 2014-ல் இன்னொரு எச்சரிக்கை. ஈறு குறுகுறுத்தால் சுத்தமான விரலால் மெல்ல நீவிவிட்டாலே குழந்தை சமாதானமாகும்.