நாள் கணக்கு வேண்டாம், வருஷக் கணக்கு வை

ராயபுரம்

அன்புள்ள தேன்மொழிக்கு,

எழுந்து நின்றால் வரும் இந்தத் தலைசுற்றலும் படபடப்பும் வருஷம் போகப் போகக் கூடுமா, குறையுமா என்று கேட்டிருந்தாய். டாக்டர் 'பாட்ஸ்' என்று பெயர் சொல்லி அனுப்பியதும் நீ முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பெரும்பாலானவர்களுக்குக் குறைகிறது. ஆனால் ஒரே சீராகக் குறைவதில்லை. நடுவில் மோசமான வாரங்கள் வரும், சில சமயம் மோசமான மாதங்களும் வரும். அந்த வாரங்களைப் பார்த்து நோயே முற்றிவிட்டது என்று முடிவு கட்டுகிறவர்கள் பயந்து படுத்துவிடுகிறார்கள். இந்த நோயை நிஜமாகவே வளர்த்துவிடுவது அந்தப் படுக்கைதான். இந்தக் கடிதம் முழுக்க நான் வாதாடப் போவது இந்த ஒன்றுக்காகத்தான்.

முதலில், உடம்பில் நடப்பது என்ன என்று பார். யார் எழுந்து நின்றாலும் அரை லிட்டருக்குக் குறையாத ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடும். ரத்தக் குழாய்கள் உடனே சுருங்கி அதை மேலே தள்ளும். நாடித் துடிப்பும் நிமிஷத்துக்குப் பத்துப் பதினைந்து கூடும், அவ்வளவுதான். உனக்கு அந்தச் சுருக்கம் போதவில்லை, அல்லது ஓடுகிற ரத்தத்தின் அளவே குறைவு. அந்தக் குறையை ஈடுகட்ட இதயம் வேகமாக அடித்துக்கொள்கிறது. நின்ற பத்து நிமிஷத்துக்குள் துடிப்பு முன்பிருந்ததைவிட நிமிஷத்துக்கு 30-க்குக் குறையாமல் கூடி, பிபி பெரிதாக இறங்காமல், இந்தத் தொல்லை மாதக் கணக்கில் நீடித்தால் அதைப் பாட்ஸ் என்கிறார்கள். இருபது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அந்த அளவு 40. இதயத் தசையில் கோளாறு இல்லை, அடைப்பும் இல்லை. இதயம் வேகமாக அடிப்பதால் அது தேய்ந்துகொண்டிருக்கிறது என்று உன் அம்மா நினைத்தால், அது அப்படி இல்லை என்று எடுத்துச் சொல். நரம்பின் கட்டளையிலும் ரத்தத்தின் அளவிலும் இருக்கிற குறை இது. அதனால்தான் திரும்பிச் சரியாவதற்கு இடமும் இருக்கிறது.

ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை, ஆதாரம் இருக்கிறது. இந்த நோய்க்கு 1993-ல் இன்றைய பெயரை வைத்தவர்கள் அமெரிக்காவின் மினசோட்டாவில் இருக்கும் மேயோ மருத்துவமனைக்காரர்கள். பதின்வயதில் அங்கே சிகிச்சை எடுத்தவர்களிடம் சுமார் ஐந்து வருஷம் கழித்து நிலைமையை விசாரித்து 2016-ல் வெளியிட்டார்கள். பதில் எழுதியவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கு நோய் போயிருந்தது, குறைந்திருந்தது, அல்லது எப்போதாவது மட்டும் வந்துபோனது. முழுக்கப் போய்விட்டது என்றவர்கள் நூற்றுக்கு 19 பேர்தான். இந்த இரண்டு எண்ணையும் சேர்த்தே மனதில் வை. முதல் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் இரண்டாம் வருஷம் ஏமாந்துபோவாய். இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டால் இன்றைக்கே சோர்ந்துவிடுவாய். அதே மருத்துவமனையில் 58 பேரை ஓராண்டு தொடர்ந்து பார்த்த இன்னொரு ஆய்வில், ஆண்டு முடிவில் நூற்றுக்கு 37 பேருக்குப் பாட்ஸ் என்று சொல்லும் அளவுக்குத் துடிப்பு ஏறவே இல்லை.

அந்த 2016 ஆய்வில் கேள்வி அனுப்பப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர்தானே பதில் எழுதினார்கள், நலமானவர்கள் மட்டும் எழுதியிருக்கலாமே என்று நீ கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மறுபக்கமும் உண்டு. நலமாகி வேலை, குடும்பம் என்று போனவருக்குப் பழைய ஆஸ்பத்திரிக் கடிதத்துக்குப் பதில் எழுத நேரம் இருக்காது, இன்னும் அவதிப்படுகிறவர்தான் உட்கார்ந்து எழுதுவார். எந்தப் பக்கம் சாய்ந்தாலும், மெல்ல மெல்லச் சீர்கெட்டு முடங்குவதுதான் இந்த நோயின் வழக்கம் என்று சொல்ல அந்த எண்களில் இடமே இல்லை.

இனி படுக்கை விஷயம். 1966-ல் அமெரிக்காவின் டாலஸ் நகரத்தில் ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடியும் சோதித்தபோது, முப்பது வருஷ முதுமை அவர்கள் உடல்திறனில் செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம் என்று தெரிந்தது. நோயே இல்லாதவனுக்கு இந்தக் கதி. படுத்தால் ரத்தத்தின் அளவு குறையும், இதயம் சிறுக்கும், கால் தசை இளைக்கும். பாட்ஸில் ஏற்கெனவே குறையாக இருப்பவையும் இவைதான். தலை சுற்றுகிறது என்று படுப்பதும், படுத்ததால் இன்னும் சுற்றுவதும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. டாலஸ் டாக்டர்கள் பாட்ஸுக்கென்று வகுத்த உடற்பயிற்சி முறையில் சேர்ந்த 251 பேரின் கணக்கு பிறகு வெளியானது. முடித்தவர்கள் 103 பேர், அவர்களில் நூற்றுக்கு 71 பேர் பாட்ஸ் அளவிலிருந்தே வெளியே வந்துவிட்டார்கள். பாதிக்கு மேல் விட்டுப் போய்விட்டார்களே என்றால், உண்மைதான். அந்தப் பயிற்சி கடினம், முதல் சில வாரம் உடம்பு இன்னும் மோசமாவதுபோல் இருக்கும். அதனால் கடற்கரையில் ஓட்டத்தில் ஆரம்பிக்காதே. தரையில் படுத்தபடி காலைத் தூக்கி இறக்குவது, சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து செய்வது என்று ஆரம்பித்து, நிற்கும் பயிற்சிக்குச் சில மாதம் கழித்து வா. ஒன்று மட்டும் கவனி. சிலருக்கு, முக்கியமாகக் கோவிட்டுக்குப் பிறகு இது வந்தவர்களுக்கு, சிறு உழைப்புக்கே மறுநாள் எழ முடியாத அசதி வரும். உனக்கும் அப்படி இருந்தால் பிடிவாதம் பிடிக்காமல் டாக்டரிடம் சொல்லிப் பயிற்சியை மாற்று.

மோசமான நாட்களுக்குப் பெரும்பாலும் காரணம் கண்டுபிடித்துவிடலாம். மே மாத வெயில், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மாதவிலக்கு, வயிறு முட்டச் சோறு, தண்ணீர் குடிக்காமல் கும்மிடிப்பூண்டி ரயிலில் நின்றபடி வருவது. காலையில் துடிப்பு அதிகமாக ஏறும், மாலையில் குறையும், அதுவும் இந்த நோயின் இயல்பு. அதனால் காலை எண்ணைக் காலை எண்ணோடும், இந்த மே மாதத்தைப் போன மே மாதத்தோடும் ஒப்பிட்டுப் பார். நவம்பர் மழையோடு மே வெயிலை ஒப்பிட்டால் ஒவ்வொரு வருஷமும் நோய் முற்றியதாகவே தெரியும். எண்ணூர்ப் புகைதான் காரணம் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். 2023 டிசம்பரில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் மூச்சுத் திணறி ராத்திரியில் ஓடியதை யாரும் மறக்கக் கூடாது, அதற்காகப் போராடத்தான் வேண்டும். ஆனால் அந்த மாதிரிப் புகையே இல்லாத ஊர்களிலும் பாட்ஸ் இருக்கிறது. உன்னைப் பொறுத்தவரை புகையைவிட வெயிலுக்கு அதிகம் பயப்படு.

உப்பைப் பற்றிப் பெரியவர்கள் கண்டிப்பார்கள். பிபி உள்ளவர்களுக்கு உப்பைக் குறைக்கச் சொல்வது சரி. உனக்குச் சொல்வது வேறு. உப்பும் தண்ணீரும் சேர்ந்தால்தான் ரத்தத்தின் அளவு கூடும். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், உப்பு மிகுந்த சாப்பாட்டில் பாட்ஸ் உள்ள பெண்களுக்கு ரத்த நீரின் அளவு கூடி, நிற்கும்போது துடிப்பு குறைந்தது. சிறுநீரகமும் பிபியும் சரியாக இருக்கிறதென்று பார்த்த பிறகு, டாக்டர் சொன்ன அளவில் எடுத்துக்கொள். உப்புப் போட்ட கஞ்சி, நீர்மோர், கருவாடு எல்லாம் நம் வீட்டிலேயே இருக்கின்றன. ஓ.ஆர்.எஸ். வாங்கினால் உலகச் சுகாதார நிறுவன அளவு என்று போட்ட பொட்டலமாகப் பார்த்து வாங்கு, இனிப்புப் பானத்தை வாங்கி ஏமாறாதே.

எல்லாம் மனசு, கல்யாணம் ஆனால் சரியாகும் என்று சொல்கிறவர்களோடு சண்டை வேண்டாம். பத்து நிமிஷம் படுத்து நாடியை எண்ணு, பிறகு எழுந்து நின்று பத்து நிமிஷம் வரை எண்ணி இரண்டையும் எழுதி வை. பயந்தாலும் படபடக்கும் என்பது நிஜம். ஆனால் படுத்தால் அடங்கி, நின்றால் ஏறுவதை எந்த மனசும் நாள்தோறும் நடிக்காது.

கடைசியாக உன் வேலை. எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நின்றபடி வேலை பார்ப்பது இந்த நோய் உள்ளவர்களுக்குச் சரியான எதிரி. படுக்கை வேண்டாம் என்றேனே தவிர, அசையாமல் நிற்கச் சொல்லவில்லை. நடப்பது நல்லது, ஒரே இடத்தில் நிற்பதுதான் கெடுதல். தமிழ்நாடு அரசு 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலையாட்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டது. முதலாளியிடம் ஸ்டூல் கேட்பது சலுகை கேட்பதாகாது, அது உன் உரிமை. கூட வேலை பார்க்கும் பெண்களையும் சேர்த்துக்கொண்டு கேள்.

அடுத்த முறை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எழுதி வைத்த எண்களை எடுத்துப் போ. தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. ரத்தசோகையும் தைராய்டும் இதே படபடப்பைத் தரும், இருக்கிற பாட்ஸையும் கூட்டும். ஹீமோகுளோபினையும் தைராய்டையும் மறுபடி பார்க்கச் சொல். உழைக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, ஓடும்போதோ படுத்திருக்கும்போதோ மயங்கி விழுந்தாலோ இதுவும் பாட்ஸ்தான் என்று நீயே முடிவு செய்யாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.

அன்புடன்,
உன் பெரியப்பா