மலை இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பெட்ரோல் மிச்சமாகும் என்று அங்கே கியரை நியூட்ரலில் போட்டு வண்டியை உருளவிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மிச்சமாவதில்லை. கார்புரேட்டர் காலத்துக் கணக்கு அது. இன்றைய இன்ஜெக்ஷன் வண்டிகளில் கியரிலேயே இருந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜெக்டர் எரிபொருளைப் பெரும்பாலும் அடியோடு நிறுத்திவிடும். சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றும். நியூட்ரலிலோ, இன்ஜின் அணையாமல் ஓடக் கொஞ்சமாவது எரிந்துகொண்டே இருக்கும்.

பெரிய ஆபத்து பிரேக்கில். இன்ஜின் இழுத்துப் பிடிக்காதபோது முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழுகிறது. பேட் சூடேறி, பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் பெடல் தரைவரை அமுங்கும், வண்டி நிற்காது.

ஏறும்போது போடும் கியரிலேயே இறங்குங்கள். செங்குத்தான இடத்தில் இரண்டாவது, தேவைப்பட்டால் முதல் கியர். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்காமல், அழுத்தி வேகத்தைக் குறைத்ததும் காலை எடுத்துவிடுங்கள். கிளட்சை நெடுநேரம் மிதித்திருப்பதும் நியூட்ரலுக்குச் சமம்தான்.

கருகிய வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, பிரேக் ஆறும்வரை காத்திருங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது, டிஸ்க் கோணிவிடும். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்து மலை இறங்குவது எல்லாவற்றிலும் மோசம்: சில மிதிகளில் பிரேக் பெடல் இறுகிவிடும், ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளலாம்.