புகையும் சிதறொளியும்

அடுக்களையில் நெருப்பும் புகையும் ஒருங்கிருத்தலைக் கண்டறிந்தவன், மலைமேற் புகை எழக் காணின் ஆண்டு நெருப்பு உண்டென்று துணிகின்றான். இதனைக் கருதலளவை என்பர் தருக்க நூலார். மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் அளவை இலக்கணம் உணர்த்துமிடத்து இவ்வுதாரணத்தையே எடுத்தாளுகின்றார். அம்மட்டில் அமையாது, ஏதுவின் குற்றங்களுள் சித்தாசித்தம் என ஒன்றையும் வகுக்கின்றார். எதிரே தோன்றுவது ஆவியோ பனியோ என்னும் ஐயம் தீராதிருக்கவே, அதனைப் புகையாகக் கொண்டு நெருப்பைச் சாதித்தல் அக்குற்றமாம். நாம் பரீட்சையின் பொருட்டுக் கற்கும் இவ்வேறுபாடு, இக்காலத்து அறைகளின் மேற்கூரையிற் பொருத்தப்படும் புகையுணர் கருவிக்கு உயிர்நிலையாக உள்ளது. அக்கருவி புகையை எங்ஙனம் காண்கின்றது, கண்டதனைப் புகையென எங்ஙனம் தெளிகின்றது என்னும் இரண்டனையும் முறையே ஆராய்வாம்.

முதற்கண், காணுதல். சாளரத்தின் வழியே இருண்ட அறையினுட் புகும் வெயிற்கற்றையில் தூசுகள் மின்னுதலை யாவரும் கண்டிருப்பர். அக்கற்றை நம் கண்ணை நோக்கி வருவதன்று, குறுக்கே செல்வது. ஆயினும் அது நமக்குப் புலனாகின்றது. என்னை? கற்றையிற் பட்ட ஒவ்வொரு துகளும் ஒளியின் ஒரு கூற்றைப் பல திசைகளிலும் எறிகின்றது. அதுவே ஒளிச்சிதறல். துகளே இல்லாத தூய காற்றாயின் கற்றை செல்லும் வழி நம் கண்ணுக்கு இருளாகவே தோன்றும்.

அயர்லாந்திற் பிறந்து, லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனிற் பணியாற்றிய ஜான் டிண்டால் என்னும் அறிஞர் இவ்வுண்மையை 1870-ஆம் ஆண்டளவில் வியத்தகு முறையில் விளக்கினார். வலிய மின்னொளிக் கற்றை ஒன்றன் கீழ்ச் சாராய விளக்கொன்றை அவர் வைத்தபோது, சுடருக்கு மேலே கரும்புகை போன்ற சுருள்கள் எழுந்தன. சாராயச் சுடரோ புகை காலாதது. அச்சுருள்கள் புகையல்ல, சுடரின் வெம்மையால் மிதக்கும் தூசு நீங்கப்பெற்ற காற்றே அங்ஙனம் கருமையாய்த் தோன்றியது. சிதறுதற்குத் துகள் இன்மையின் அவ்விடம் இருண்டது. கண்ணுக்குப் புகையெனத் தோன்றுவதெல்லாம் புகையன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இனிக் கருவியின் அமைப்பைக் காண்பாம். புறவொளி புகாதவாறும் காற்றும் புகையும் புகுமாறும் அமைந்த சிறிய கரிய அறை ஒன்று அதனுள் உளது. அவ்வறையில் ஒளியுமிழும் சிறு விளக்கு ஒருபாலும், ஒளியுணரி மற்றொருபாலும் வைக்கப்பட்டுள்ளன. விளக்கின் ஒளி நேரே உணரியிற் படாதபடி அவை ஒன்றற்கொன்று கோணித்து நிற்கும். காற்றுத் தூயதாயின் உணரிக்கு ஒளி பெரும்பாலும் எட்டுவதில்லை. புகை புகுந்தவுடன் துகள்களாற் சிதறுண்ட ஒளி உணரியைச் சென்று தாக்க, மின்னோட்டம் மிகுந்து மணி ஒலிக்கின்றது. நேரொளியிற் சிறிதளவு குறைதலைக் காண்பதினும், இருளிற் சிறிதளவு ஒளி தோன்றுதலைக் காண்பது எளிதன்றோ? இதுவே இம்முறையின் நுட்பம்.

இரண்டாவது, தெளிதல். குளியலறையின் வெந்நீராவியும், கூட்டும்போது எழும் தூசும் ஒளியைச் சிதறச்செய்வனவே. இவற்றைப் புகையெனக் கொண்டு கருவி ஒலிப்பின், அது சித்தாசித்தக் குற்றத்துக்கு ஆளாகின்றது. இக்குற்றம் ஏட்டளவில் நிற்பதன்று. பலகாலும் பொய்யாக ஒலிக்கும் கருவியைச் சினந்து, அதன் மின்கலத்தைக் கழற்றிவிடுவோர் உளர். பின்னர் மெய்யாகவே தீப்பற்றும் இரவில் எழுப்புவார் இல்லை. தீவிபத்தில் மாள்வோருட் பலர் சுடராலன்றிப் புகையாலேயே மாள்கின்றனர். உறங்குவோனை மோப்பவுணர்வு எழுப்பும் என்று நம்பியிருத்தலும் தகாது. புகையோடு கலந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவுக்கு மணமே இல்லை.

துகளின் இயல்பை அறிதற்குச் சிதறொளியின் நிறமும் கோணமும் துணைசெய்கின்றன. ஒளியின் அலைநீளத்தினும் மிகச் சிறிய துகள்கள் சிதறும் ஒளியின் அளவு, அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்மாறாக இருக்கும் என 1871-இல் ரேலி பிரபு கணித்துரைத்தார். ஆதலின் 470 நானோமீட்டர் நீல ஒளியையும், அதனின் இருமடங்காகிய 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் சம அளவில் செலுத்தின், அத்தகைய துகள்கள் நீலத்தைப் பதினாறு மடங்கு மிகுதியாகச் சிதறும். பெரிய துகள்களுக்கு இவ்விதி பொருந்தாது. அவற்றுக்குரிய கணிதத்தைக் குஸ்டாவ் மீ என்னும் ஜெர்மானியர் 1908-இல் வெளியிட்டார். ஊதுவத்தியினின்று எழும் புகை கரிய பின்புலத்தின்முன் நீலமாய்த் தோன்றுவதும், கொதிகலத்தின் ஆவி வெண்மையாய்த் தோன்றுவதும் இவ்வேறுபாட்டினாலேயாம்.

புகைத் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்குக் குறைந்தவை. ஆவித் துளிகளும் தூசும் பெரும்பாலும் அதனினும் பெரியவை. ஆகவே இருநிற ஒளிகளையும் மாறிமாறிச் செலுத்தி, இரண்டன் சிதறலையும் ஒப்பிடும் கருவிகள் செய்யப்பட்டுள்ளன. நீலச் சிதறல் பெரிதும் விஞ்சின் புகை என்றும், இரண்டும் ஏறக்குறைய ஒத்திருப்பின் ஆவி அல்லது தூசு என்றும் அவை தெளிகின்றன. வேறு சில கருவிகள் முன்னோக்கிச் சிதறும் ஒளியையும் பின்னோக்கிச் சிதறும் ஒளியையும் ஒப்பிடுகின்றன. கனன்று புகையும் பஞ்சு முதலியவற்றின் வெளிறிய புகை பின்னோக்கியும் ஒளியை நன்கு திருப்பும். சுடர்விட்டெரியும் எண்ணெயின் கரும்புகையோ ஒளியை விழுங்கிவிடுதலின் அத்துணைத் திருப்பாது. இங்ஙனம் எரிபொருளின் இயல்பும் ஓரளவு உய்த்துணரப்படுகின்றது.

ஐயத்தை அறுத்தபின்னரே துணிதல் வேண்டும் என்பது தருக்க நூலின் கட்டளை. எனினும் கருவிக்கும் மனிதனுக்கும் இதில் ஒரு வேற்றுமை உண்டு. மணியோசை கேட்டவன் அது மெய்யோ பொய்யோ என ஆராய்ந்துகொண்டு படுக்கையிற் கிடத்தல் தகாது. முதலில் வெளியேறுதலே அறிவுடைமை. அடிக்கடி பொய்யொலி எழுப்பும் கருவியை அடுப்புக்கும் குளியலறைக்கும் சேய்மையில் மாற்றியமைத்தலும், அதனுட் படிந்த தூசியைத் துடைத்தலும், மாதம் ஒருமுறை சோதித்தலும் செய்யத்தக்கன. மின்கலத்தைக் கழற்றுதல் ஒன்றே செய்யத்தகாதது.