முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன்: இயன்முறை மருத்துவம் பயிலும் நம் பிள்ளைகளுக்கு ஒரு பாடம்

பத்துமலைத் திருத்தலத்தின் 272 படிகளையும் ஏறி இறங்கிய அன்பர் எவருக்கும் முழங்காலின் அருமை தெரியும். நடமாடும் காலம் வரை உடம்பை நாம் நினைப்பதில்லை. பக்கவாதத்தால் ஒரு கை விழுந்துவிட்டால், விபத்தில் இடுப்பு எலும்பு முறிந்துவிட்டால், மீண்டும் எழுந்து நிற்கக் கற்றுக்கொடுக்க ஒருவர் வேண்டியிருக்கிறது. அவரே பிசியோதெராபிஸ்ட் எனப்படும் இயன்முறை மருத்துவ நிபுணர். நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் நெடுங்காலமாக 'ஜூருபுலே' என்று மக்கள் அழைத்து வந்ததும் இவரைத்தான்.

நம் அறநிலையத்தின் கல்வி உதவிக் குழுவில் பல ஆண்டுகளாக விண்ணப்பங்களைப் படித்து வருகிறேன். முன்பெல்லாம் வந்தவை பெரும்பாலும் டிப்ளோமாவுக்கும் முதல் பட்டத்துக்கும் உரியவை. இப்போது முனைவர் படிப்புக்கு உதவி கேட்டும் நம் பிள்ளைகள் வருகிறார்கள். இது மகிழ்ச்சிக்குரிய வளர்ச்சி. ஆனால், எதற்கு விண்ணப்பிக்கிறோம் என்பதில் தெளிவில்லாமல் சிலர் வருகின்றனர். கொடையாளர்களிடமும் அதே குழப்பம் உண்டு. அதைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

துறையின் பிறப்பு

1894ஆம் ஆண்டு இலண்டனில் தாதியர் நால்வர் கூடி, பயிற்சி பெற்ற மசாஜ் பணியாளர்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். தங்கள் தொழிலின் நற்பெயரைக் காப்பதே அவர்களின் நோக்கம். அச்சங்கம் வளர்ந்துதான் இன்றைய பிரிட்டிஷ் பிசியோதெராபி சங்கமாயிற்று. உலக நாடுகளின் சங்கங்கள் 1951இல் ஒன்றிணைந்தன. அதன் நினைவாகவே செப்டம்பர் 8ஆம் நாள் உலக இயன்முறை மருத்துவ நாளாகக் கொண்டாடப்படுகிறது.

தமிழ்நாட்டு வேலூரையும் இங்கு நினைக்க வேண்டும். அங்குள்ள கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவானதில் அவர் பங்கு பெரிது. மேற்படிப்பு எதற்கு என்று கேட்போருக்கு அவர் வாழ்வே விடை. ஒருவர் கற்று வந்தது ஊருக்கே பயன்பட்டது.

டாக்டர் பட்டம் இரண்டு வகை

இத்துறையில் 'டாக்டர்' என்ற சொல் இரு வேறு படிப்புகளைக் குறிக்கிறது.

ஒன்று, ஆய்வுப் பட்டமான பிஎச்.டி. இதில் மாணவர் புதியதொரு கேள்வியை எடுத்துக்கொண்டு, மேற்பார்வையாளரின் வழிகாட்டலில் சில ஆண்டுகள் ஆராய்ந்து, ஆய்வேடு எழுதி, வாய்மொழித் தேர்வில் அதை நிலைநாட்ட வேண்டும். பல்கலைக்கழக விரிவுரையாளராகவோ ஆய்வாளராகவோ ஆக விரும்புவோருக்கு உரியது இது.

மற்றொன்று, டி.பி.டி. எனப்படும் தொழில்முறைப் பட்டம். நோயாளியைப் பரிசோதித்துச் சிகிச்சை தருவதற்கான பயிற்சி இது. அமெரிக்காவின் ஒமாஹா நகரிலுள்ள கிரைட்டன் பல்கலைக்கழகம் 1993இல் இதனைத் தொடக்கநிலைப் பட்டமாகத் தொடங்கியது. இன்று அந்நாட்டில் இத்தொழிலுக்குள் நுழையவே இப்பட்டம் வேண்டும். வேறொரு துறையில் முதல் பட்டம் பெற்றபின் ஏறத்தாழ மூன்றாண்டு பயில்வது வழக்கம். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் பல்கலைக்கழகமும் இத்தகைய பட்டத்தை வழங்குகிறது.

ஆக, அமெரிக்காவில் நுழைவாயிலாக இருப்பது டி.பி.டி. நம் நாட்டிலோ டிப்ளோமாவும் இளங்கலைப் பட்டமுமே நுழைவாயில். இந்த வேறுபாட்டை அறியாமல் விண்ணப்பித்தால், ஏற்கெனவே கற்றதையே பெருஞ்செலவில் மீண்டும் கற்க நேரிடும். இங்கு பட்டம் பெற்ற ஒருவர் அமெரிக்காவில் தொழில் செய்ய விரும்பினால், தம் பட்டத்தை அங்குள்ள மதிப்பீட்டு அமைப்பிடம் காட்டி ஈடு பார்த்துக்கொண்டு, தேசிய உரிமத் தேர்வை எழுதும் வழியும் உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மாறும். முதலில் அதை விசாரிக்க வேண்டும்.

உள்நாட்டு வழி

செலாயாங் மாணவருக்குப் படிக்கும் இடங்கள் தொலைவில் இல்லை. கோலாலம்பூர் ராஜா மூடா அப்துல் அசிஸ் சாலையில் தேசியப் பல்கலைக்கழகத்தின் சுகாதார அறிவியல் புலம் இருக்கிறது. பூஞ்சாக் ஆலாமில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், சுங்கை லோங்கில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகமும் இத்துறையைக் கற்பிக்கின்றன. பட்டப்படிப்புக்கு பி.டி.பி.டி.என். கடன் உண்டு. நம் சமுதாய மாணவர்களுக்கு 1984இல் தொடங்கப்பட்ட எம்.ஐ.இ.டி.யின் கல்விக் கடனும் உண்டு.

பட்டம் பெற்றவர், 2016ஆம் ஆண்டின் 774ஆம் சட்டமான இணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் பதிந்துகொள்ள வேண்டும். இச்சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டில் எவ்வளவு பெரிய பட்டம் பெற்று வந்தாலும், இங்கு நோயாளியைத் தொட்டுச் சிகிச்சை அளிக்க இப்பதிவு தேவை. எனவே வெளிநாட்டுப் படிப்பில் சேருமுன், அப்பட்டம் இங்கு ஏற்கப்படுமா என்று எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது அறிவுடைமை.

விண்ணப்பக் கட்டில் இருக்க வேண்டியவை

பிஎச்.டி.க்கு விண்ணப்பிப்பவர் முதலில் தேட வேண்டியது மேற்பார்வையாளரை. பல்கலைக்கழகத்தின் பெயர் எவ்வளவு பெரிதாயினும், நம் கேள்வியில் ஈடுபாடுள்ள பேராசிரியர் அங்கு இல்லையென்றால் பயனில்லை. அவருடைய கட்டுரைகள் இரண்டு மூன்றையாவது படித்துவிட்டு, ஒரு பக்கத்துக்கு மிகாத மடல் எழுத வேண்டும். அதில் ஆய்வுக் கேள்வி, அது ஏன் முக்கியம், எவ்வாறு ஆராயப் போகிறோம் என்ற மூன்றும் விளங்கினால் போதும். நோயாளிகளிடம் ஆய்வு செய்ய நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் செய்வதாயின் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டிலும் பதிய வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். அந்தக் காலத்தையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

அமெரிக்க டி.பி.டி.க்கு விண்ணப்பிப்பவருக்கு வேறு பட்டியல். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒரே பொது விண்ணப்ப முறையைப் பயன்படுத்துகின்றன. உடற்கூறியல், உடலியங்கியல், வேதியியல், இயற்பியல், உளவியல், புள்ளியியல் ஆகிய பாடங்களை முன்பே முடித்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். மருத்துவமனையில் நிபுணரின் அருகிருந்து பார்த்த மணிநேரக் கணக்கையும் பலர் கேட்பார்கள். பரிந்துரைக் கடிதங்கள், சொந்தக் கட்டுரை, நேர்காணல் ஆகியவையும் உண்டு. வகுப்பு தொடங்குவதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே வேலையை ஆரம்பிக்க வேண்டும். அப்படிப்புக்கு அங்கீகாரம் உள்ளதா என்பதை முதலிலேயே பார்க்க வேண்டும்.

இரு வழியினருக்கும் பொதுவான குறிப்பு இரண்டு. ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ்., டோபல் ஆகியவற்றின் மதிப்பெண் இரண்டாண்டுகளே செல்லும். ஆகவே மிக முன்னதாக எழுதிக் கட்டணத்தை வீணாக்க வேண்டாம். பரிந்துரைக் கடிதம் தரும் ஆசிரியருக்கு ஆறு வாரமாவது அவகாசம் கொடுங்கள். "சார், நாளைக்கு வேணும்" என்று போய் நின்றால், கிடைக்கும் கடிதமும் அவசரத்தில் எழுதியதாகவே இருக்கும்.

குழுவின் முன் வந்த ஒரு விண்ணப்பம்

லாரி ஓட்டுநர் ஒருவரின் மகள் எங்களிடம் வந்தார். தந்தைக்குப் பக்கவாதம் வந்தபோது பள்ளி மாணவியாக உடனிருந்து பார்த்தவர். பின்பு அதே துறையைப் படித்து, ஐந்தாண்டு பணியாற்றியிருந்தார். அமெரிக்க டி.பி.டி.க்கு உதவி கேட்டிருந்தார். தொகையைக் கண்ட குழுவினர் மலைத்தனர். "இந்தப் பணத்தில் பத்துப் பிள்ளைகளை டிப்ளோமா படிக்க வைக்கலாமே" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். அதில் நியாயம் இருந்தது.

நான் அந்தப் பெண்ணிடம், "அம்மா, படித்து முடித்ததும் என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "ஐயா, வார்டை விட்டு வீட்டுக்குப் போன பாட்டிமார் மூன்று மாதத்தில் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். தாளில் உள்ள மலாய், ஆங்கிலக் குறிப்பு அவர்களுக்குப் புரிவதில்லை. தமிழில், வீட்டிலுள்ள நாற்காலியையும் படிக்கட்டையும் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் தொடர்வார்களா என்று கண்டுபிடிக்க வேண்டும்" என்றார்.

அவர் கேட்டது டி.பி.டி. ஆனால் அவர் மனத்தில் இருந்தது பிஎச்.டி.க்குரிய கேள்வி! சிகிச்சை அளிக்கும் தகுதி அவரிடம் ஏற்கெனவே இருந்தது. அதைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. உள்நாட்டிலேயே மேற்பார்வையாளரைத் தேடி, வேலையை விடாமல் பகுதிநேரமாக ஆய்வு செய்ய விண்ணப்பித்தார். விண்ணப்பக் கட்டணம், ஆங்கிலத் தேர்வு, முதல் பருவக் கட்டணம் ஆகியவற்றை அறநிலையம் ஏற்றது. மீதித் தொகை டிப்ளோமா மாணவர்களுக்குச் சென்றது. மூத்த உறுப்பினரும் மனநிறைவுடன் கையொப்பமிட்டார்.

கொடையாளர்களுக்கு

உதவி கேட்டு வரும் மாணவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இப்பட்டம் எதற்குத் தகுதி தரும்? இங்கு அது ஏற்கப்படுமா? முதலாண்டு மட்டுமன்றி, முடியும் வரை பணம் எங்கிருந்து வரும்? மூன்றாவது கேள்வி மிக முக்கியம். அமெரிக்காவில் பிஎச்.டி. மாணவர் பலருக்கு உதவித்தொகையுடன் பணி கிடைக்கிறது. டி.பி.டி. மாணவர் பொதுவாகச் சொந்தப் பணத்திலோ கடனிலோ படிக்கிறார். அந்நாட்டு அரசின் கல்விக் கடனும் வெளிநாட்டு மாணவருக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. நடுவழியில் நின்றுபோகும் படிப்பு, கடனை மட்டுமே வீட்டுக்குக் கொண்டு வரும்.

பெரிய தொகைதான் பெரிய தர்மம் என்று எண்ண வேண்டியதில்லை. ஒரு தேர்வுக் கட்டணம், ஒரு சான்றிதழ் மொழிபெயர்ப்பு, நேர்காணலுக்குச் செல்லும் பயணச் செலவு ஆகியவை இல்லாமலேயே பல விண்ணப்பங்கள் மேசையில் தங்கிவிடுகின்றன. சில நூறு ரிங்கிட் அதனை அனுப்பிவைக்கும்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். பெயருக்கு முன் 'டாக்டர்' வந்தபின், "நான் இயன்முறை நிபுணர்" என்று நோயாளியிடம் தெளிவாகச் சொல்லிப் பழகுங்கள். பட்டம் உங்களுக்கு, அதன் பயன் அவருக்கு. விழுந்தவரை எழுப்பி நிறுத்துவதும் திருத்தொண்டே. அத்தொண்டுக்குத் தகுதி தேடுவோர் எவராயினும், விண்ணப்பப் பாரத்தோடும் தெளிந்த கேள்வியோடும் வரட்டும். நம் அறநிலையத்தின் கதவு திறந்தே இருக்கும்.