காற்றை மட்டும் கூட்டினால் போதுமா?
(கார் எஞ்சினும் டர்போவும் – ஓர் எளிய பாடம்)



சென்ற பொங்கல் விழாப் பந்தியில் என் பக்கத்து இலையில் அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர், "சார், நீங்க ரயில்வேல டீசல் எஞ்சின் பார்த்தவராமே. என் காருக்கு டர்போ வைக்கலாமா?" என்று கேட்டார். பாயசம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமா அது? "மலரில் எழுதுகிறேன், படியுங்கள்" என்று சொல்லித் தப்பித்தேன். வாக்கைக் காப்பாற்றவே இக்கட்டுரை. இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

டர்போ என்பது என்ன?

எஞ்சினுக்குத் திறன் தருவது பெட்ரோலோ டீசலோ மட்டுமல்ல. அதை எரிக்கும் காற்றும் சேர்ந்துதான். எரிபொருளை வேண்டிய மட்டும் ஊற்றலாம். காற்றைத்தான் சிலிண்டர் தன் கொள்ளளவுக்கு மேல் உறிஞ்சாது. சிலிண்டரைப் பெரிதாக்காமல் அதிகக் காற்றைத் திணிக்க வழி என்ன என்று யோசித்தவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி. எஞ்சினில் எரிந்த வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியே போய்விடுகிறது. அந்தப் புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தை வைத்துக் காற்றை அழுத்தி உள்ளே அனுப்பலாம் என்று 1905-இல் காப்புரிமை பெற்றார். 1920-களில் இரண்டு ஜெர்மானியக் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் இம்முறை பொருத்தப்பட்டபோது 1750 குதிரைத்திறன் 2500 ஆயிற்று.

மலையோரத்தில் வாழும் நமக்கு இன்னொரு செய்தி சுவையாக இருக்கும். மேலே போகப் போகக் காற்று மெலிந்து எஞ்சின் இளைப்பதை மூணாறு, போடிமெட்டு ஏறும் ஓட்டுநர்கள் எல்லோரும் அறிவார்கள். முதல் உலகப்போரின்போது விமான எஞ்சின்களுக்கும் இதே தொல்லை. 1918-இல் சான்ஃபோர்டு மாஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் டர்போ பொருத்திய விமான எஞ்சின் ஒன்றை ஒரு லாரியில் ஏற்றி, 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் சிகரத்துக்கே கொண்டு போய் ஓட்டிப் பார்த்தார். கீழே 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின், உச்சியிலும் அது குறையாமல் தந்தது.

நான் கற்ற பள்ளி

டிப்ளமா முடித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த வாத்தியார் டபிள்யூ.டி.எம்.-2 என்னும் டீசல் எஞ்சின். 1962-இல் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிலிருந்து வந்து, 1964 முதல் வாரணாசியில் கட்டப்பட்டது. 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன். பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்கு மீட்டர் கேஜ் வண்டி வந்த காலத்தில் அதை இழுத்த ஒய்.டி.எம்.-4-உம் அதே குடும்பத்துத் தம்பிதான், 6 சிலிண்டர். இரண்டுக்கும் டர்போ உண்டு. பின்னாளில் அதே 16 சிலிண்டரை வைத்துக்கொண்டு, திறன் மிக்க டர்போவும் வேறு சில மாற்றங்களும் செய்து 3100 குதிரைத்திறன் எடுத்தார்கள்.

ஷெட்டில் எங்களுக்கு ஒரு சோதனை உண்டு. எஞ்சினை நிறுத்தியதும் டர்போவின் பக்கம் காதை வைத்துக் கேட்க வேண்டும். எஞ்சின் நின்ற பிறகும் டர்போவின் சக்கரம் தானாகச் சுழன்றுகொண்டே இருக்கும். குறைந்தது ஒன்றரை நிமிடமாவது அந்த ரீங்காரம் கேட்க வேண்டும். அதற்கு முன்பே அடங்கிவிட்டால் பேரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது சக்கரம் எங்கோ உரசுகிறது என்று பொருள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ரீங்காரத்தைக் கேட்டவன் என்பதால், டர்போவைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் இருந்தது. அந்த எண்ணத்தைக் கலைத்தவன் என் தங்கை மகன்.

குமுளி மலையில் நடந்தது

தங்கை குடும்பம் இடுக்கியில் வண்டன்மேடு பக்கம். ஏலக்காய்த் தோட்டம். மருமகனுக்கு வண்டி என்றால் உயிர். 2022-இல் ஒரு நாள் தொலைபேசியில், "மாமா, என்னோட 1000 சிசி பெட்ரோல் காருக்கு ஒரு பழைய டர்போ கிடைச்சிருக்கு. பட்டறையில மாட்டித் தர்றேங்கறாங்க. எஞ்சினுக்குக் கெடுதல் வருமா?" என்று கேட்டான்.

நான் யோசிக்கவே இல்லை. "காற்று கூடினா நல்லதுதானேடா. ஆயில் மட்டும் ஒழுங்கா போகுதான்னு பார்த்துக்கோ" என்றேன்.

இரண்டு மாதம் வண்டி பறந்தது. பிறகு ஒரு நாள் கம்பத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, தங்கையையும் ஏற்றிக்கொண்டு லோயர் கேம்பிலிருந்து குமுளி மலை ஏறும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் 'டக்' என்று நின்றுவிட்டது. எஞ்சின் நின்றால் பிரேக்கிற்குத் துணை செய்யும் வெற்றிட சக்தியும் இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்துவிடும். பிரேக் கல்லாக இறுகிப் போக, வண்டி பின்னோக்கி உருண்டு, ஓரத்துக் கைப்பிடிச் சுவரில் பின் பம்பர் மோதி நின்றது. சுவருக்கு அப்பால் பள்ளம். யாருக்கும் காயமில்லை. எஞ்சினைப் பிரித்தபோது மூன்றாவது பிஸ்டனின் தலையில் விரல் நுழையும் அளவுக்கு உருகிய ஓட்டை.

தங்கை என்னைக் குறை சொல்லவில்லை. "அண்ணா, நீங்க சரின்னு சொன்னதாலதான் செஞ்சேன்னு சொல்றான்" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு எனக்குச் சில நாள் சரியாகத் தூக்கமில்லை. அறுபது வயதுக்குமேல் மறுபடியும் புத்தகத்தை எடுத்தேன். நான் கற்றதைத்தான் கீழே எழுதுகிறேன்.

டீசல் வேறு, பெட்ரோல் வேறு

டீசல் எஞ்சினில் முழுச் சுமையிலும் ஒரு கிராம் எரிபொருளுக்கு 20 கிராமுக்கு மேல் காற்று இருக்கும். காற்று மிஞ்சினால் கெடுதலில்லை. வெப்பம் குறையும், கரும்புகை குறையும். "காற்று கூடினால் நல்லது" என்ற என் வாக்கு அங்கே வேதவாக்கு.

பெட்ரோல் எஞ்சினில் கதை வேறு. அங்கே காற்றும் பெட்ரோலும் கலந்தே அழுத்தப்படுகின்றன. முழுமையாக எரிய ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று வேண்டும். முழு வேகத்தில் பாதுகாப்புக்காக 12 அல்லது 12.5 என்ற அளவில் பெட்ரோலைச் சற்றுக் கூட்டியே கொடுப்பார்கள். சுமையோடு ஓடும்போது பெட்ரோல் குறைந்தால் கலவை அளவுக்கு மீறிச் சூடாகி, ஸ்பார்க் பிளக் பற்றவைத்த சுடர் வந்து சேரக் காத்திராமல் தானே வெடிக்கும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்கிறார்கள். அது தொடர்ந்தால் பிஸ்டன் உருகும்.

ஒரு கணக்கு

1000 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடுகிறது என்று கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் உறிஞ்சும். ஆகவே 2000 லிட்டர். நடைமுறையில் 85 சதவீதம்தான் நிரம்பும், 1700 லிட்டர். நம்மூர் வெயிலில் ஒரு லிட்டர் காற்று சுமார் 1.15 கிராம். ஆக, நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.95 கிலோ காற்று. 12.5-க்கு ஒன்று என்றால் 156 கிராம் பெட்ரோல்.

இப்போது டர்போ 0.4 பார் அழுத்தம் கூட்டுகிறது. காற்று 40 சதவீதம் கூடிவிட்டது என்று நினைப்போம். அங்கேதான் ஏமாறுகிறோம். சைக்கிள் பம்ப் அடிக்கும்போது அடிப்பாகம் சுடுவதுபோல, அழுத்தப்படும் காற்றும் சூடாகும். 32 டிகிரியில் உள்ளே போன காற்று, 65 சதவீதத் திறனுள்ள டர்போவிலிருந்து சுமார் 79 டிகிரியில் வெளிவரும். சூடான காற்று விரியும் என்பதால், எடையில் உண்மையான கூடுதல் 21 சதவீதம்தான். இடையில் இன்டர்கூலர் வைத்து 50 டிகிரிக்கு ஆற்றினால் 32 சதவீதம் கிடைக்கும். இன்டர்கூலர் அழகுக்கு வைப்பதல்ல என்பது இதிலிருந்து விளங்கும்.

மருமகனின் வண்டியில் இன்டர்கூலர் இல்லை. காற்று 2.36 கிலோ ஆயிற்று. பெட்ரோல்? வண்டியின் பழைய கணினிக்கு வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் அளக்கத் தெரியாது. அது பழையபடி 156 கிராமே கொடுத்தது. வகுத்துப் பாருங்கள்: ஒன்றுக்கு 15. சூடான காற்று, குறைந்த பெட்ரோல், ஏற்றம், உள்ளே நான்கு பேர். பிஸ்டன் உருகாமல் என்ன செய்யும்? நான் தொலைபேசியை வைத்துவிட்டு, ஒரு காகிதத்தில் ஐந்து நிமிடம் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் போதும்.

செய்ய வேண்டியவை

கற்க விரும்பும் இளைஞர்கள் வரிசையாக மனத்தில் கொள்ள வேண்டியவை:

1. முதலில் எஞ்சினின் உடல்நிலை. எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரஷன் சோதனை. ஒன்று குறைந்திருந்தாலும் டர்போ பேச்சே வேண்டாம்.

2. அழுத்த விகிதம். டர்போ இல்லாத எஞ்சினில் இது 9, 10 என்று இருக்கும். டர்போவுக்கென்று பிஸ்டனை மாற்றிக் குறைப்பது வழக்கம். 1962-இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், டர்போவோடு விற்பனைக்கு வந்த முதல் கார்களுள் ஒன்று. அதில் விகிதம் 10.25. நாக்கிங்கை அடக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தெளிக்க வேண்டியிருந்தது. அந்தத் தொட்டியை நிரப்பப் பலர் மறந்தார்கள். 1963-ஓடு அந்தக் கார் நின்றுபோனது.

3. டர்போவின் அளவு. பெரிதாக இருந்தால் கீழ்வேகத்தில் சோம்பும். மிகச் சிறிதானால் மேல்வேகத்தில் புகைக்கு மூச்சு முட்டும். மேலே போட்ட காற்றுக் கணக்கைக் கொண்டுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். கிடைத்ததை மாட்டக்கூடாது.

4. வேஸ்ட்கேட். அழுத்தம் எல்லை மீறும்போது புகையைச் சக்கரத்தில் படாமல் வெளியே விடும் கதவு இது. டர்போவுக்கு இதுதான் கடிவாளம்.

5. பெட்ரோலும் தீப்பொறியும். பெரிய இன்ஜெக்டர், அழுத்தத்தை அளக்கும் சென்சார், அதற்கேற்பத் திருத்திய கணினி. அழுத்தம் கூடும்போது தீப்பொறி சற்றுத் தாமதிக்க வேண்டும்.

6. ஆயில். கார் டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும். ஆயில் போகும் குழாய் சிறிதாக இருக்கலாம். திரும்பும் குழாய் பருமனாக, நேரே கீழ்நோக்கி இறங்க வேண்டும். மலை ஏறி வந்தவுடன் சாவியைத் திருகி நிறுத்தாமல் ஒரு நிமிடமாவது மெதுவாக ஓடவிட வேண்டும். இல்லையேல் சூட்டில் ஆயில் கருகி பேரிங்கை அடைக்கும்.

7. கடைசியாக, பிரேக், கிளட்ச், ரேடியேட்டர், டயர். வேகம் கூட்டுபவன் நிறுத்தும் சக்தியையும் கூட்டக் கடமைப்பட்டவன்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52 வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. நம் கேரளத்திலிருந்து மேல்முறையீட்டுக்குச் சென்ற வழக்கிலேயே 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அனுமதியின்றி மாற்றிய வண்டி விபத்துக்குள்ளானால் காப்பீட்டிலும் சிக்கல் வரும். ஆகவே, சாலையில் ஓடும் காருக்கு வீட்டில் டர்போ மாட்டுவது என்பது கற்க வேண்டிய பாடமே தவிர, செய்து பார்க்க வேண்டிய காரியம் அல்ல. கைப்பழக்கம் வேண்டுவோர் சாலைக்கு வராத பந்தய வண்டியில் பழகலாம். வாளையாரைத் தாண்டினால் கோவைச் செட்டிபாளையத்தில் 2003 முதல் கரி மோட்டார் ஸ்பீடுவே என்ற ஓட்டப்பாதை இருக்கிறது.

டர்போ கார்தான் வேண்டும் என்றால் கம்பெனியே செய்ததை வாங்கலாம். ஜப்பானில் 1987-இல் சுசுகி, ஆல்டோ வொர்க்ஸ் என்ற 550 சிசி காரில் டர்போ வைத்து 64 குதிரைத்திறன் எடுத்தது. அதே குடும்பத்து வண்டியான நம் மாருதி 800-இல், 796 சிசிக்கு 40-ஐ ஒட்டித்தான் கிடைத்தது. அந்த 64-க்காக வால்வு முதல் கணினி வரை புதிதாக வடிவமைத்தார்கள். மாட்டிய டர்போவுக்கும் வடிவமைத்த டர்போவுக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

முடிவாக

மருமகன் பழைய எஞ்சினைச் சரிசெய்து, டர்போ இல்லாமல் இப்போதும் ஓட்டுகிறான். கழற்றிய டர்போ என் மேசை மேல் இருக்கிறது. ஓட்டை விழுந்த பிஸ்டனும் பக்கத்தில் இருக்கிறது. விடுமுறைக்கு அவன் வரும்போதெல்லாம் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடுகிறோம். போன முறை கிளம்பும்போது, "மாமா, இந்தக் கணக்கை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றான். "எனக்கே தெரியலடா" என்றேன்.

இளைஞர்களே, ஒரு துறையில் முப்பது வருடம் இருந்தவர் சொல்கிறார் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். என்னைப் போன்ற பெரியவர்களே, தெரியாததைக் கேட்டால் "பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லப் பழகுவோம்.

பந்தியில் கேட்ட தம்பிக்கு ஒரு வீட்டுக் கணக்கு: மேலே சொன்ன 2.36 கிலோ காற்றுக்கு, 12-க்கு ஒன்று என்ற அளவில் எத்தனை கிராம் பெட்ரோல் வேண்டும்? அடுத்த கூட்டத்துக்கு வரும்போது விடையோடு வாருங்கள். பந்தியில் பக்கத்து இலையிலேயே உட்காருவோம்.